பன்னிரண்டு நாட்களுக்கு ஒரே தியானம்

"அம்மா, இன்னைக்கும் அதேதானா?"

ஐந்தாம் நாள் காலையில் நான் இப்படிக் கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன்.

"அதேதான் உபதேசியாரே. எழுதிக்கோங்க" என்றார் ரூபவதி அம்மாள்.

"எழுதுறதுக்கு என்னம்மா இருக்கு? நேத்து எழுதினேன். முந்தாநாள் எழுதினேன். திங்கக்கிழமையில இருந்து ஒரே வரியத்தான் எழுதிக்கிட்டு இருக்கேன்."

"அப்ப உங்களுக்கு மனப்பாடம் ஆயிருக்குமே. நல்லதுதான்."

ஜெபத்துக்குக் கூடியிருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் பேனாவை மைக்கூட்டில் முக்கி, நோட்டுப் புத்தகத்தில் தேதியைப் போட்டு, அதே வரியை எழுதினேன். கோபத்தில் எழுத்து சாய்ந்துபோனது.

இப்போது எனக்கு எழுபத்தெட்டு வயது. ரூபவதி அம்மாள் கர்த்தருக்குள் உறங்கி இருபது வருடம் ஆகிறது. அவருடைய தினதியானப் புத்தகம் எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் இருக்கிறது. விடியற்காலையில் நடக்கப் போகும்போது ஏதாவது ஒரு வீட்டுக்குள்ளிருந்து அதை வாசிக்கும் சத்தம் கேட்டால் நான் நின்றுவிடுவேன். தடியை ஊன்றிக்கொண்டு அந்தப் பக்கம் முடிகிறவரை நிற்பேன்.

அது என் கையெழுத்தில் இருந்த புத்தகம். அவர் சொல்லச் சொல்ல எழுதியவன் நான்.

அந்தப் புத்தகத்தில் ஆகஸ்டு மாதத்தில் பன்னிரண்டு பக்கங்களுக்கு ஒரே தியானம் இருக்கிறது. எழுத்துக்கூட மாறாமல் ஒரே தியானம். போன வருடம் எங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்த இளம் குருவானவர் அதைப் பார்த்துவிட்டு, "அச்சகத்துல தூங்கிட்டாங்க போல" என்றார்.

அச்சகத்தில் யாரும் தூங்கவில்லை ஐயா. நான் கொடுத்ததைக் கொடுத்தபடி அச்சடித்தார்கள். தூங்கியவன் யார் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது எனக்கு ஐம்பது வயது. அம்மாளுக்கு முப்பத்தெட்டு. என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். அவர் பிறந்த தெருவை என் அப்பா குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டுதான் கடந்து போவார். இருந்தும் நான் அவருக்குச் சீஷனாகப் போனேன். சபைக் கோயிலில் அந்தத் தெருவுக்கு ஒரு பாய், இந்தத் தெருவுக்கு ஒரு பாய் என்று விரித்து வைத்திருந்த காலம் அது. அம்மாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாப் பாய்களையும் சுருட்டி வெளியே வைத்துவிட்டு வெறுந்தரையில் உட்கார்ந்தார். அன்று அவர்மேல் கல் விழுந்தது. அன்று சாயங்காலமே நான் மூட்டையைக் கட்டிக்கொண்டு அவருடைய இல்லத்துக்கு வந்துவிட்டேன். அதில் எனக்குப் பெருமை உண்டு. பெருமை கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

இல்லம் செம்மணல் மேடான தேரியின் ஓரத்தில் இருந்தது. யாரும் இல்லாத பெண்கள், கணவன் துரத்திய பெண்கள், பெற்றவர்கள் கைவிட்ட பெண்கள் என்று பலரும் அங்கே இருந்தார்கள். நான் சாமான் அறையைப் பார்த்துக்கொண்டேன். பந்தியில் சோறு பரிமாறியதும் நான்தான். எந்தத் தெருப் பெண்ணாக இருந்தாலும் என் கையாலேயே பரிமாறுவேன். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அதைப் பார்த்து ஆச்சரியப்படுவார்கள். ஒருவர் அதைப் பற்றிப் பத்திரிகையில்கூட எழுதினார்.

என் சாப்பாடு தனி. எனக்கு வயிறு சரியில்லை. என் அறையில் ஒரு சின்ன அடுப்பு வைத்து நானே கஞ்சி காய்ச்சிக் குடிப்பேன்.

அந்தக் காலைகள் எனக்கு இப்போதும் நினைவிருக்கின்றன. மணி அடிக்கும். தேரி மணல் காலுக்குக் குளிர்ந்து கிடக்கும். அண்டாவில் கருப்பட்டிக் காப்பி கொதிக்கும் வாசனை ஜெப அறைக்குள் வரும். சமையல்கார எப்சிபாய் கீர்த்தனையை எப்போதும் ஒரு அடி முன்னாலேயே பாடி முடித்துவிட்டு மற்றவர்களுக்காகக் காத்திருப்பாள். பிறகு அம்மாள் வேதத்தில் ஒரு பகுதியை வாசிப்பார். நாலைந்து வாக்கியம் பேசுவார். கடைசியில் அன்றைக்குச் செய்ய வேண்டியது ஒன்றைச் சொல்வார். அவ்வளவுதான் தியானம். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

ஆனால் தொடங்குவதற்கு முன்னால் எல்லோரையும் பார்த்து ஒரு கேள்வி கேட்பார்.

"நேத்து சொன்னதை எல்லாரும் செஞ்சாச்சா?"

செய்தவர்கள் கை தூக்குவார்கள். ஒருத்தர் மிச்சம் இருந்தாலும் புதுத் தியானம் கிடையாது. நேற்றையதே இன்றைக்கும். யார் மிச்சம் என்று அவர் கேட்கவே மாட்டார். பெரும்பாலும் இரண்டாம் நாளே சரியாகிவிடும். 'இன்று யாரைப் பற்றியும் பின்னால் பேசாதே' என்று சொன்ன வாரம் மட்டும் மூன்று நாள் ஆயிற்று. காவல்காரர் ஏசுவடியானால் முடியவில்லை.

அப்படிப்பட்ட நாட்களை, அச்சுக்கு அனுப்பும் நோட்டில் நான் ஒரே பக்கமாக அடக்கிவிடுவேன்; அந்த ஆகஸ்டுப் பன்னிரண்டை மட்டும் அடக்கவில்லை. முந்தின வருடம் மே மாதத்தில் எழுதத் தொடங்கினேன். ஆகஸ்டு முடியும்போது ஒரு வருடத்துக்கான பக்கங்கள் நிறைந்துவிடும் என்பது என் கணக்கு. மாதக் கடைசிக்குள் நோட்டு கைக்கு வந்தால்தான் புத்தாண்டுக்குப் புத்தகம் வரும் என்று அச்சகத்தார் எழுதியிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் தியானம் நின்றுபோனது.

அந்தத் திங்கட்கிழமை அம்மாள் வாசித்தது, கிணற்றடியில் ஆண்டவர், யூதர்கள் சேர்ந்து பழகாத சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்ட பகுதி.

"அவரு யாருக்கு என்ன வேணும்னாலும் குடுக்கக்கூடியவரு. அன்னைக்குக் குடுக்கல. கேட்டாரு. கை நீட்டினாரு" என்றார்.

பிறகு அன்றைய வேலையைச் சொன்னார். 'நீ யாருக்குக் கொடுக்கிறாயோ, அவர் கையால் இன்று வாங்கிச் சாப்பிடு.'

நான் அதை அழகான கையெழுத்தில் எழுதினேன். எழுதும்போதே, இது நல்ல பக்கம், அச்சில் நன்றாக வரும் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை முக்கால்வாசிப் பேர் கை தூக்கினார்கள். அம்மாளும் தூக்கினார். அவர் தெருவோரம் தையல் சொல்லிக்கொடுக்கும் வீட்டில் போய்க் கூழ் வாங்கிக் குடித்து வந்திருந்தார். புதன்கிழமை மிச்சப் பேரில் அநேகர் தூக்கினார்கள். வியாழக்கிழமை ஏசுவடியான்கூடத் தூக்கிவிட்டார். அவர் தினமும் கஞ்சித் தண்ணீர் ஊற்றும் நாடோடிக் கிழவியிடம் போய் ஒரு துண்டு கிழங்கு வாங்கித் தின்றாராம்.

"நல்லா சுட்டிருந்தாம்மா" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் புதுப் பக்கத்தைத் திருப்பி வைத்தேன்.

"நீ யாருக்குக் கொடுக்கிறாயோ" என்று அம்மாள் மறுபடியும் தொடங்கினார்.

வெள்ளிக்கிழமை நான் சத்தம் போட்டேன். அதைத்தான் முதலில் சொன்னேன்.

இதை வாசிக்கிற நீங்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். எனக்கு இன்னும் ஒரு வாரம் தேவைப்பட்டது.

சனிக்கிழமை நான் என் மகள் சாலோமியின் வீட்டுக்குப் போனேன். சனிக்கிழமைதோறும் போவேன். இல்லத்திலிருந்து இரண்டு மைல். அவள் கல்யாணம் செய்துகொண்டது இல்லத்துப் பள்ளி வாத்தியார் தாவீதை. தாவீது, அம்மாளின் தெருவில் பிறந்த பையன். அந்தக் கல்யாணத்துக்கு என் சொந்தக்காரர்கள் ஒருவரும் வரவில்லை. நான் போனேன். முன்வரிசையில் நின்றேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. என் மனைவி அப்போதே காலமாகியிருந்தாள், அதனால் அழவும் வீட்டில் ஆள் இல்லை. சீர்திருத்தம் என்றால் ஞானாபரணம் உபதேசியார் மாதிரி இருக்க வேண்டும் என்று பலர் என் காதுபடவே சொன்னார்கள்.

கல்யாணம் முடிந்து ஏழு வருடம் ஆகியிருந்தது. ஏழு வருடமாக ஒரு சனிக்கிழமைகூடத் தவறாமல் என் சம்பளத்தில் ஏதாவது வாங்கிக்கொண்டுதான் போவேன். முருங்கைக்காய், தேங்காய், அவள் மாமியாருக்கு வெற்றிலை. முற்றத்தில் முக்காலி போடுவாள். உட்கார்ந்து அரை மணி நேரம் பேசிவிட்டு வருவேன்.

அன்றைக்கும் அப்படித்தான். பையைக் கொடுத்தேன்.

"தண்ணி தரட்டாப்பா?"

"தாகமில்ல. சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன்."

"சரிப்பா" என்றாள்.

கல்யாணமான புதிதில் அவள் கையைப் பிடித்து இழுப்பாள். சாப்பிட்டே ஆகணும் என்பாள். நான் இதே பதிலைச் சொல்வேன். சாப்பிட்டுவிட்டு வந்தவனை யார் என்ன சொல்ல முடியும்? பிறகு கையைப் பிடிப்பதை விட்டாள். பிறகு சோற்றைப் பற்றிக் கேட்பதையும் விட்டாள். தண்ணீர் மட்டும் கேட்பாள்.

அந்த வாரம் முழுக்கக் கிணற்றடியில் தண்ணீர் கேட்ட ஆண்டவரைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவன் நான். தண்ணீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வரும் வழியிலும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அச்சகத்துக்கு என்ன பதில் எழுதுவது என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு தந்திரம் செய்தேன். அம்மாள் பேசுகிற மாதிரியே நானே ஒரு தியானம் எழுதினேன். சின்னச் சின்ன வாக்கியமாக நன்றாக வந்திருந்தது. அதைக் கொண்டுபோய் அவரிடம் நீட்டினேன்.

வாசித்தார்.

"ரொம்ப நல்லா இருக்கே. இதை யாரு செஞ்சா?"

"செய்யலைம்மா. எழுதியிருக்கேன்."

"அப்ப செஞ்ச பிறகு கொண்டாங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

திங்கட்கிழமை காலையும் அதே வரி. எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு காகிதத்தில் இல்லத்தில் இருக்கிற எல்லோருடைய பெயரையும் எழுதிக்கொண்டு விசாரணைக்குப் புறப்பட்டேன். மாட்டுத் தொழுவத்துக்குப் போனேன். துவைக்கிற கல்லுக்குப் போனேன். தறிக் கொட்டகைக்குப் போனேன்.

"நீ செஞ்சியா? யாரு கையால சாப்பிட்ட? என்ன சாப்பிட்ட?"

பாவம், எல்லோரும் பதில் சொன்னார்கள். சாட்சியும் வைத்தார்கள். ஒவ்வொரு பெயராக அடித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் அடுக்களைக்குப் போனேன்.

"எப்சிபாய், நீ?"

"நான் மொத நாளே செஞ்சாச்சே. புதுசா வந்த சின்னப் புள்ளைக்கு நான்தான ஊட்டி விடுதேன். அதுகிட்ட வாயத் தொறந்து காட்டினேன். பாதி மூக்குல அப்பிட்டு" என்று சிரித்தாள்.

அந்தப் பெயரையும் அடித்தேன். காகிதம் முழுக்க அடித்தாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை ஜெபத்துக்கு முன்னாலேயே அம்மாள் அறைக்குப் போய் அந்தக் காகிதத்தை அவர் மேஜையில் வைத்தேன்.

"பாருங்கம்மா. ஒருத்தர் விடாம விசாரிச்சிட்டேன். நாப்பத்து மூணு பேரும் செஞ்சாச்சு. இனிமே புதுசு சொல்லலாம்."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காகிதத்தை மேலிருந்து கீழே பார்த்தார்.

"இல்லத்துல எத்தனை பேரு உபதேசியாரே? சாமான் அளந்து குடுக்கிறவரு நீங்கதான. உங்களுக்குத் தெரியுமே."

"நாப்பத்து நாலு."

அவர் என் பேனாவை எடுத்து, காகிதத்தை என் பக்கமாகத் திருப்பி, அடியில் காலியாக இருந்த இடத்தில் பேனாவை வைத்தார்.

நான் என் பெயரை எழுதினேன். கை நடுங்கியது என்று சொன்னால் நன்றாக இருக்கும். நடுங்கவில்லை. எனக்கு எரிச்சல்தான் வந்தது.

"நான் எழுதுறவன்தானம்மா" என்றேன்.

"ம்."

"எனக்கு வயிறு வேற சரியில்ல. உங்களுக்கே தெரியும்."

"ம்."

"சரி, வயிறு எப்படியும் போகட்டும். நீங்களே குடுங்க, இப்பவே சாப்பிடுதேன். உங்க கையால வாங்கிச் சாப்பிட எனக்கு என்ன கூச்சம்?"

"எனக்கு நீங்க எதுவும் குடுத்ததில்லையே" என்றார் அம்மாள். மணி அடிக்க எழுந்து போய்விட்டார்.

புதன்கிழமை மத்தியானம் பந்தி முடிந்ததும் அடுக்களைக்குப் போனேன்.

"எப்சிபாய், ஒரு வாய் சோறு போடு."

அவள் கையிலிருந்த கரண்டியை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு ஒரு தட்டைக் கழுவி, துடைத்து, இரண்டு கை சோறும் புளிக்குழம்பும் வைத்தாள். நின்றுகொண்டே சாப்பிட்டேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டேன் என்பதுதான் உண்மை. பிறகு கிணற்றடிக்குப் போய் நாலு தடவை வாய் கொப்பளித்தேன். எனக்கு அழுகை வந்தது. ஏன் என்று தெரியவில்லை. பத்திரிகையில் பெயர் வந்தவன், கல் விழுந்த நாளில் மூட்டை கட்டியவன், இரண்டு கை சோற்றுக்கு நாலு தடவை வாய் கொப்பளித்துக்கொண்டு நிற்கிறேன்.

இருந்தாலும் விடுவேனா? வியாழக்கிழமை காலையில் எல்லோருக்கும் முன்னால் கை தூக்கினேன்.

"நானும் செஞ்சிட்டேம்மா. எப்சிபாய் கையால சாப்பிட்டேன்."

அம்மாளின் முகம் மலர்ந்தது. "குழம்பு எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

"உப்பு எல்லாம் சரியா?"

"சரியா இருந்துச்சும்மா."

எப்சிபாய் தலை குனிந்துகொண்டாள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஏசுவடியான்தான் வாயை அடக்க முடியாமல் சொன்னார்.

"நேத்து குழம்புல உப்பே இல்லைம்மா. இவ போட மறந்துட்டா. நாங்க எல்லாரும் ஏசினோம். உபதேசியார் மட்டும் ஏசல."

யாரும் சிரிக்கவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அம்மாள் வேதத்தைத் திறந்தார். அதே பகுதி, அதே வரி. பதினோராம் தடவையாக எழுதினேன். அன்று கோபம் இல்லை. வெட்கம் மட்டும்தான் இருந்தது.

ஜெபம் முடிந்து எல்லோரும் போன பிறகு எப்சிபாய் ஒரு டம்ளரில் காப்பியோடு வந்தாள். என் முன்னால் வைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஐயா, கோவிச்சுக்காட்டா ஒண்ணு சொல்லுதேன்."

"சொல்லு."

"நீங்க எங்களுக்குப் பரிமாறுதீக. அது இல்லத்துச் சோறு. ஊர்க்காரங்க குடுக்கிற அரிசி. அத நீங்க குடுத்ததுன்னு சொல்ல முடியுமா? என்கிட்ட வந்து சாப்பிட்டீக, சந்தோசம். ஆனா அம்மா சொல்லுதது, நீங்க குடுக்கிற ஆளு கையால."

"நான் யாருக்கு..."

"சனிக்கிழமை சனிக்கிழமை பையைத் தூக்கிக்கிட்டு எங்க போறீக?"

காப்பியை நானே கை நீட்டி வாங்கிக்கொண்டேன். கருப்பட்டி கொஞ்சம் தூக்கலாக இருந்தது. அவள் போய்விட்டாள்.

அன்றைக்கு நான் கஞ்சி காய்ச்சவில்லை. அறையில் உட்கார்ந்து ஏழு வருடச் சனிக்கிழமைகளையும் யோசித்துப் பார்த்தேன். நான் அவளை மன்னித்துவிட்டதாக நினைத்திருந்தேன். இல்லை, மன்னிக்க ஒன்றுமே இல்லை, எனக்குச் சந்தோஷம்தான் என்றுகூட நினைத்திருந்தேன். பை பையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேனே. கொடுத்துவிட்டு, அவள் வீட்டுத் தண்ணீர் என் தொண்டைக்குள் இறங்காமல் பார்த்துக்கொண்டேன். என் அப்பா குடையைத் தாழ்த்தினார். நான் பையை நீட்டினேன்.

அவளுக்கு அது தெரியும். முதல் சனிக்கிழமையிலிருந்தே தெரிந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டாம் தடவையாக எழுதினேன். மையை உலர்த்தினேன். நோட்டை மூடினேன்.

"அம்மா, மத்தியானம் பந்திக்கு வேற யாரையாவது பரிமாறச் சொல்லுங்க."

அவர் எங்கே போகிறேன் என்று கேட்கவில்லை. "வெயிலா இருக்கு. குடை கொண்டு போங்க" என்றார்.

"குடை வேண்டாம்மா" என்றேன்.

முந்தின நாள் காப்பிக்குப் பிறகு நான் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. வேண்டுமென்றேதான். பழைய பதில் வாயில் வந்துவிடக் கூடாது என்று பயம். தேரி மணல் கொதித்தது. கையில் பை இல்லாமல் நடப்பது வினோதமாக இருந்தது. கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. வழியில் இரண்டு தடவை திரும்பிவிடலாமா என்று நின்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால்? அப்படிச் செய்ய அவளுக்கு எல்லா நியாயமும் உண்டு.

கதவு திறந்துதான் இருந்தது. சாலோமி உள்ளே தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை உதறிக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்தாள்.

"என்னப்பா? யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல."

"இல்லத்து அம்மாவுக்கு உடம்புக்கு ஏதும்..."

"நல்லா இருக்காக."

அவள் என் கைகளைப் பார்த்தாள். இரண்டும் காலியாக இருந்தன. பிறகு முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பழக்கத்தில் முற்றத்து முக்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்கப்பா. சாப்பிட்டுட்டுத்தான வந்திருப்பீங்க."

"இல்ல."

அவள் முக்காலியை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"பசிக்குது சாலோமி" என்றேன்.

பசிக்கிறது என்று யாரிடமும் சொல்லி எனக்கு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. என் மனைவியிடம் சொல்லியிருப்பேன். அதற்கு முன்னால் என் அம்மாவிடம். ஐம்பது வயதில், மகள் வீட்டு வாசலில் நின்று அந்த வார்த்தையைச் சொன்னபோது என் குரல் எனக்கே சின்னப்பிள்ளைக் குரல் மாதிரி கேட்டது.

உள்ளேயிருந்து அவள் மாமியார் பொன்னுத்தாய், "யாரு வந்திருக்காக?" என்று கேட்டார்.

"அப்பா" என்றாள் சாலோமி. முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த பிறகும் என்னை நம்பவில்லை. நான் பின்வாங்குவதற்கு ஒரு வழி விட்டுப் பார்த்தாள்.

"இன்னைக்கு நான் சமைக்கலப்பா. எங்க அத்தை சமைச்சது."

"சரி."

"மீன்குழம்பு."

"சரி தாயி."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"சனிக்கிழமைன்னா ஒரு ஆளுக்குக் கூடப் போட்டு வடிப்பேன்ப்பா. ஏழு வருசமா வடிக்கேன். நீங்க போன பிறகு அதுல தண்ணிய ஊத்தி வச்சு மறுநாள் நான்தான் சாப்பிடுவேன். இன்னைக்கு வெள்ளிக்கிழமை. நீங்க வருவீங்கன்னு தெரியாதே. பானையக் கழுவிக் கவுத்தாச்சு."

"எதுவுமே இல்லையா?"

"என் தட்டுல இருக்கிறதுதான் இருக்கு. அதுவும் நான் பிசைஞ்சு பாதி சாப்பிட்டது."

நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். தரையில் அவள் தட்டு இருந்தது. அவள் பின்னாலேயே வந்து அதன் முன்னால் உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் நகந்து எனக்கு இடம் விடு" என்றேன்.